நெட்டுக்குப்பத்து அனிமே பாடும் என் பங்கும்

1

துறைமுகத்தை ஒட்டிப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. ஜனவரி மாதத்து முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டு வியாபாரம் முடிந்த நேரம். புத்தாண்டுக் கும்பிடு போட்டுவிட்டுக் கோயிலிலிருந்து திரும்பும் குடும்பங்கள் எதிரே வந்தன. முதலாளி கடை வாசல்வரை வந்து நின்றார் என்பது கதவுமணிச் சத்தத்தில் தெரிந்தது. அவர் கூப்பிடவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு இது புதிதில்லை. காசிமேட்டில் விசைப்படகிலிருந்து இப்படி இறங்கியிருக்கிறேன். விம்கோ நகரில் ஒரு பட்டறையிலிருந்து, மணலிப் பக்கம் கன்டெய்னர் அடுக்கும் இடத்திலிருந்து, வளைகுடாவில் இரண்டு மூன்று முகாம் சமையற்கட்டுகளிலிருந்து. எட்டாம் வகுப்பிலிருந்தும் அப்படித்தான் இறங்கினேன். கடைசியாக வந்து சேர்ந்தது ஜப்பானில் இந்தத் துறைமுக ஊர். இங்கே ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் தந்தூர் அடுப்பு பார்த்தேன். அன்று மதியம்வரை.

முதலாளி கெட்டவர் இல்லை. வடக்கத்திக்காரர், அவரும் தட்டுக் கழுவித்தான் மேலே வந்தவர். பக்கத்து ஊரில் இரண்டாவது கடை திறக்கிறார். மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில் அடுப்பு அணைந்திருக்கும் நேரம் என்னுடையது என்றுதான் முதலில் பேச்சு. புரட்டாசியிலிருந்து அந்த நேரத்தில் எங்களை வேனில் ஏற்றிப் புதுக் கடைக்குச் சுவர் தேய்க்கக் கூட்டிப் போனார். இந்த ஒரு ஞாயிறு மட்டும் விடுங்கள் என்று இந்தியில் கேட்டேன்.

"என்ன வேலை?"

"மகள் கூப்பிடுவாள்."

"மகள் நாளைக்கும் கூப்பிடலாமே."

"இன்றைக்குத்தான் பிள்ளைகள் எல்லாரும் உட்காருகிறார்கள். போன வருஷத்து அனிமேயில் எது நல்லது என்று முடிவு செய்வார்கள். புதிதாக வருவதற்குச் சீட்டு எடுப்பார்கள். நான் இருக்க வேண்டும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "கார்ட்டூன்," என்றார். "உனக்கு நாற்பது தாண்டியிருக்கும்."

"தாண்டியிருக்கும்."

"பிரஷ் வேனில் இருக்கிறது," என்றார்.

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மாடியில் என் பை எப்போதும் பாதி கட்டியபடிதான் இருக்கும்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

எங்கள் நெட்டுக்குப்பம் எண்ணூர் கழிமுகத்தில் இருக்கிறது. ஆறு கடலில் சேரும் இடத்தில் கம்பு நட்டு வலை கட்டுவோம். நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் அடிதடி வரும். எனவே முறை வைத்து, சீட்டு எடுத்து, இன்னாருக்கு இன்ன இடம் என்று ஊரே பிரித்துக்கொடுக்கும். அதற்குப் பாடு என்று பேர். உனக்கு விழுந்த இடத்தில் இறால் வந்தாலும் வராவிட்டாலும் உன் முறை முடியும்வரை அங்கேதான் நிற்க வேண்டும். ஊரில் இருக்கிறவனுக்குத்தான் பங்கு. ஊரை விட்டுப் போனவனுக்குப் பங்கு கிடையாது. பங்கு இல்லாதவன் இன்னொருவன் வலைக்கு ஆளாகப் போகலாம். இடுப்பளவு தண்ணீரில் கயிறு பிடிக்கலாம்.

நான் வளைகுடாவுக்கு விமானம் ஏறியபோது என் பங்கு போயிற்று. யாரும் கோபத்தில் செய்யவில்லை, முறை அது. அதற்குள் ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சுடுதண்ணீரும் கலந்து இறால் குறைந்துவிட்டது. பெரிய இழப்பு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் மகள் பவித்ரா அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் வளர்ந்ததை நான் செல்போனில்தான் பார்த்தேன். பல் விழுந்தது, முளைத்தது, பள்ளிச் சீருடை நிறம் மாறியது. பேச்சும் வருஷா வருஷம் சுருங்கியது. சாப்ட்டியா என்பேன், ம் என்பாள். படிக்கிறியா, ம். அம்மாகிட்ட குடுக்கட்டா, குடு. அவ்வளவுதான்.

நான் ஜப்பானுக்கு வந்தது அவளுக்கு ஒரே ஒரு காரணத்துக்காகப் பிடித்தது. அவளும் குப்பத்துப் பிள்ளைகள் சிலரும் அனிமேப் பைத்தியம். வருஷத்துக்கு நான்கு தடவை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, புது வரிசை வரும். ஒவ்வொரு வரிசையிலும் கூடை கூடையாகப் புதுக்கதைகள். எல்லாவற்றையும் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஒரு செல்போனை அண்ணனும் தங்கையும் பங்குபோடும் வீடுகள். இந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாடு போட்டார்கள்.

ஆறு பங்கு. வலை மிதவை ஆறில் எண் எழுதிக் கூடையில் போட்டுச் சீட்டு எடுப்பார்கள். உனக்கு விழுந்த கதைகளில் நீ மூன்று வாரம் நிற்க வேண்டும். முதல் எபிசோடே மட்டமாக இருந்தாலும் இறங்கக் கூடாது. மூன்றாவது வாரம் எல்லாருக்கும் சொல்ல வேண்டும்: பார்க்கலாமா, விட்டுவிடலாமா. உன் பேச்சை நம்பித்தான் மற்றவர்கள் நேரம் செலவழிப்பார்கள். பொய் சொன்னால் அடுத்த முறை பங்கு இல்லை. வருஷம் முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து, அந்த வருஷத்தில் சிறந்தது எது என்று சண்டை போட்டு முடிவுசெய்வார்கள்.

ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவது பங்கைப் பவித்ரா எனக்குக் கேட்டு வாங்கினாள். "எங்க நைனா ஜப்பான்லயே கீது, டிவிலயே வரும் அதுக்கு," என்று சொன்னாளாம். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. அதிலிருந்து எங்கள் பேச்சு நீண்டது. ஒரு கதையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாள். நடுவில், கேட்காமலேயே, பள்ளிக்கூடத்தில் நடந்தது, அம்மாவோடு சண்டை, எல்லாம் வந்துவிடும்.

அந்த ஞாயிறு அந்தப் பங்குக்குத்தான் ஆபத்து. அக்டோபரில் தொடங்கிய வரிசையில் எனக்கு விழுந்ததை நான் முதல் வாரத்துக்கு மேல் பார்க்கவில்லை. சுவர் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குள் பேச்சு எழுந்துவிட்டது என்று பவித்ரா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "அன்னிக்கு நீ கண்டிப்பா வந்துரு நைனா. வரலன்னா என்னால ஒண்ணும் பேச முடியாது."

3

ஜப்பானில் எல்லாரும் அனிமே பார்ப்பார்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். என்னோடு வேலை செய்த இரண்டு ஜப்பான் பெண்களும் பார்த்ததில்லை. "அதெல்லாம் பிள்ளைகளுக்கு," என்று முதலாளி மாதிரியே சொன்னார்கள். நான் பார்த்தேன். வீட்டுக்காரரோடும் கடைக்காரரோடும் பேசும் பாஷையில் பாதி அதில் கற்றதுதான். அதனால் வந்த வினையும் உண்டு. நகர அலுவலகத்தில் முகவரி மாற்றப் போனபோது, 'நான்' என்று சொல்வதற்கு ஒரு வாள்வீரன் மார்தட்டிச் சொல்லும் சொல்லைச் சொல்லிவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. இதைக் கேட்டுப் பவித்ரா இரண்டு நாள் சிரித்தாள். "நைனா, அடுத்த தபா கத்திய உருவிகினு போ," என்றாள்.

இங்கே எனக்குக் கொடுத்திருப்பது சமையற்காரன் விசா அட்டை. அடுப்பை மாற்றிக்கொள்ளலாம், அடுப்பை விட முடியாது. ஒரு கடையை விட்டால் இரண்டு வாரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அடுத்த கடை கிடைத்ததும் அதையும் எழுத வேண்டும். வெகுநாள் சும்மா இருந்தால் அட்டையே போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நடந்தேன்.

நடந்து படகுத்துறைக்கு வந்தேன். தீவுகளுக்குப் போகும் படகுக்குக் காத்திருக்கும் கூடம் அது. வெந்நீர்க் குழாய் ஓடும் பெஞ்சுகள், இலவச வைஃபை. கண்ணாடிக்கு வெளியே சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட புகைபோக்கிகள். எண்ணூரில் இருப்பவை போலவே. இந்த ஊரை நான் தேர்ந்தெடுத்தபோது அதைக் கவனிக்கவில்லை. வந்த பிறகு, விடிந்து ஜன்னலைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

4

பவித்ரா கூப்பிட்டாள். ஊர் வலைக் கொட்டகையில் செல்போனை எதன்மேலோ சாய்த்து வைத்திருந்தார்கள். தலைகள் தெரிந்தன. அங்கே உச்சி வெயில்.

"நைனா, கேக்குதா? மூஞ்சி இருட்டா கீது, வெளிச்சத்துக்கு வா," என்றாள் பவித்ரா. அவளுக்கு இப்போது பதினாறு.

"மாமா, இன்னா எடம் அது? ஏர்போர்ட்டா?" இது கோகுல். ஐஸ் வண்டிக்காரர் மகன், கல்லூரியில் முதல் வருஷம். கூட்டத்தில் பெரியவன் அவன்தான், சட்டம் பேசுகிறவனும் அவன்தான்.

"போட்டு ஏறுற எடம்டா."

"அவ்ளோ தூரம் போயும் போட்டுதானா மாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் வருஷத்துச் சிறந்தது. கதைகளுக்கு இந்தப் பிள்ளைகள் வைத்த பேரைத்தான் நானும் சொல்கிறேன், நிஜப் பேர் யாருக்கும் வாயில் நுழையாது. கோகுலுக்குப் 'பேய் பஸ்'. செத்துப்போனவர்களைச் சொந்த ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடும் ஓர் இரவு பஸ், அதன் ஓட்டுநர். பவித்ராவுக்குச் 'சோத்து டப்பா'. காது கேளாத தம்பிக்குத் தினமும் மதியச் சாப்பாடு கட்டும் அக்கா. கறியை எப்படி அடுக்குகிறாள் என்பதிலேயே அன்றைய சண்டையும் சமாதானமும் தெரியும். என் முறை வந்தது.

"பாலம்," என்றேன்.

"மாமா..." என்று கோகுல் தலையில் கைவைத்தான்.

அலுவலகக் குமாஸ்தா ஒருவன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். வேறோர் உலகத்தில் மறுபடி பிறக்கிறான். இந்த மாதிரிக் கதைகள் வரிசைக்குப் பத்து வரும், வீரனாகவோ மந்திரவாதியாகவோ பிறப்பார்கள். இவன் ஒரு கிராமத்துக் கல்பாலமாகப் பிறக்கிறான். நகர முடியாது, பேச முடியாது. மேலே போகிறவர்களின் காலடியை வைத்து ஆளைத் தெரிந்துகொள்கிறான்.

"பன்னெண்டு எபிசோடும் அது அங்கியே நின்னுகினு கீது மாமா. ஒரு ஃபைட்டு கெடியாது."

"வெள்ளம் வந்த எபிசோடு பாத்தியா? அது ஃபைட்டு இல்லியா?"

"பாத்தேன். எனுக்கே கால் கடுத்துப்போச்சு."

பவித்ரா செல்போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். "ஒரு எடத்துல நிக்காத ஆளு நீ. உனுக்குப் போயி பாலம் புடிச்சிக்கீது பாரு."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். 'பேய் பஸ்' ஜெயித்தது. 'பால'த்துக்கு என் ஓட்டு ஒன்றுதான்.

பிறகு கூடையை எடுத்தார்கள். கோகுல் தொண்டையைச் செருமினான்.

"மாமா, கோச்சிக்காத. போன தபா உன் பங்குலேர்ந்து எதுவுமே வரல. மொத வாரம் ஒரு வாய்ஸ் நோட்டு போட்ட. 'பாட்டு நல்லா கீது'ன்னு. அத்தோட சரி."

"கடையில வேல ஜாஸ்திடா."

"எல்லாருக்கும் வேல கீது மாமா. நான் ஐஸ் ஒடச்சி ஏத்திட்டுதான் காலேஜுக்குப் போறேன். இதோ ஷாலினி. வியாசர்பாடிலேர்ந்து சித்தி வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து என் பங்குக்கு ஆளா கீது. ஒரு வாரம் வுடல. அதுக்குப் பங்கு கெடியாது, உனக்கு கீது. இது நாயமா சொல்லு."

ஓரத்தில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு பங்கு ஏழாகாது. கழிமுகத்தில் இடம் கூடாத மாதிரிதான்.

என் கையில் ஒரு துருப்பு இருப்பதாக நான் நினைத்தேன். "அதுக்குத்தாண்டா இன்னிக்கு வந்துட்டேன்," என்றேன். "கடையே வேணாம்னு வுட்டுட்டு வந்துட்டேன். இனிமே ஒழுங்கா பாப்பேன்."

எனக்குப் பின்னால் ஏதோ ஒரு தீவுக்குப் படகு கிளம்புவதாக ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது.

"வுட்டுட்டுன்னா? லீவா?" என்றாள் பவித்ரா.

"இல்ல. வுட்டுட்டேன்."

"வேலயவா?"

"ம்."

செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கூரை போயிற்று, வானம் வந்தது, கவிழ்த்துப்போட்ட படகு ஒன்று ஆடிக்கொண்டே கடந்தது. தண்ணீர் ஓரத்தில் நின்றாள்.

"அம்மாக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"இதுக்காகவா வுட்ட?"

"நீதான கண்டிப்பா வரச் சொன்ன."

"வரத்தான் சொன்னேன். வேலய வுட்டுட்டு வரச் சொன்னனா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உன்ன இதுல எதுக்கு சேத்தேன் தெரியுமா நைனா? மூணு வாரம் ஒண்ணு கூடவே நிக்கணும்ல. நல்லா கீதோ கலீஜா கீதோ, எறங்கக் கூடாதுல்ல. அதுக்குத்தான் சேத்தேன். நீ இன்னாடான்னா எறங்கிட்டு வந்து பங்கு கேக்குற."

முதலாளி என்ன சொன்னார், சுவர் எப்படி இருந்தது, எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் அது அவளிடம் ஏற்கனவே நான் பலமுறை சொன்ன கதைதான், இடம் மட்டும் வேறு.

கொட்டகைக்குத் திரும்பினாள். "நைனா பங்கு ஷாலினிக்கு," என்றாள் எல்லாரையும் பார்த்து.

"வோணாம்க்கா. நான் ஆளாவே கீறேன்," என்றது அந்தப் பெண்.

"எடுறி."

கூடைக்குள் மிதவைகள் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. வரிசையாக எடுத்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்து என் பங்கை எடுத்த அன்று நான் அங்கே இல்லை, விமான நிலையத்தில் வரிசையில் நின்றேன். இதை உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. இது சரியான தீர்ப்பு என்று எனக்குத் தெரிந்தது. அதனால் வலி குறையவில்லை.

"சரி, வெக்கட்டா," என்றேன்.

"வெக்காத," என்றாள் பவித்ரா. கையில் அவள் மிதவை. "எனக்கு ரெண்டு கத வுழுந்துக்கீது. ஆளு வேணும். வரியா?"

"நானா?"

"வேற யாரு. ஆளுக்கு ஓட்டு கெடியாது. பாத்துட்டு என்கிட்ட சொல்லணும், எல்லார்கிட்டயும் நான் சொல்லிக்குவேன். ஞாயித்துக்கெழம இதே நேரம், ரெண்டு பேரும் ஒண்ணாப் பாக்கணும். ஒரு வாரம் நீ வரலன்னா வேற ஆள பாத்துப்பேன்."

"மாமா, அது கைல ஆளா போனா பேஜாரு," என்று தூரத்திலிருந்து கோகுல் சொன்னான். "சாவடிக்கும்."

"வரேன்," என்றேன்.

5

அவளுக்கு விழுந்ததில் ஒன்று முந்தின நாள்தான் வெளியாகியிருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி இருவரும் ஒரே சமயத்தில் தொட்டோம். ஒரு பெரிய ரயில் நிலையத்தில் பயணிகள் தொலைத்துவிட்டுப் போகும் பொருள்களை வாங்கி வைக்கும் அறை. அங்கே புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு பெண். முதல் எபிசோடு முழுக்க ஒரு கறுப்புக் குடையைத் தேடி யாராவது வருவார்களா என்று பார்க்கிறாள். கடைசியில் ஒரு கிழவர் வருகிறார். வெளியே மழை. ஒவ்வொரு துளியையும் தனித்தனியாக வரைந்திருந்தார்கள்.

முடிந்ததும் அவள்தான் முதலில் பேசினாள். "மொத எபிசோடுலயே காச எல்லாம் கொட்டிட்டானுங்க. மூணாவதுல மூஞ்சி கோணலா வரப்போவுது. நீ சொல்லு."

"மழ நல்லா கீது."

"மழ எல்லாத்துலயும்தான் நல்லா கீது. பாட்டு நல்லா கீதுன்ற மாதிரி சொல்லாத. வேற சொல்லு."

யோசித்தேன். "கெழவர் வந்து குடைய வாங்கிகினு போனப்பறம் அந்தப் பொண்ணு கைய பாவாடையில தொடைக்கிறா பாரு. குட ஈரமா இருந்திருக்கு. அத்தினி நாளா உள்ள கெடந்த குட எப்புடி ஈரமாவும்?"

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மறுபடி கேட்டது. திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ஆமா," என்றாள். "யாரோ எடுத்துகினு போயி திரும்ப வெச்சிக்கீறாங்க. நான் பாக்கல அத்த." பிறகு, "சரி. மூணு வாரம் பாக்கலாம். அம்மாகிட்ட நீயே சொல்லு, இப்பவே," என்று வைத்துவிட்டாள்.

என் மனைவி சுமதி கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். ஞாயிறு வியாபாரம். காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு, யாருக்கோ சங்கரா வெட்டிக்கொண்டே கேட்டாள். நான் சொல்லி முடித்தேன். கத்தி பலகையில் விழும் சத்தம் நிற்கவில்லை.

"நாளைக்கு எங்க?" என்றாள்.

"பாக்கறேன்."

"பாக்காத. போ."

படகுக் கூடத்தை மூடும்வரை அங்கே இருந்தேன். அப்புறம் தெரிந்த ஒரு நேபாளிப் பையன் அறையில் படுத்தேன். அவன் ஒரு கடை சொன்னான். இரண்டு நிலையம் தள்ளி, கணவனும் மனைவியும் நடத்தும் சின்னக் கறிக்கடை. பொறுப்புள்ள ஆள் அகப்படவில்லை என்று கஷ்டப்படுகிறார்களாம்.

காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். சமையல் மனைவியின் கையில். என்னைவிட வயதில் சின்னவள். தந்தூர் இல்லை, இரண்டு அடுப்பும் ஒரு கல்லும்தான். தந்தூர் பார்த்தவன் என்றேன். அது இங்கே உதவாது, எனக்குக் கீழே நறுக்கவும் கிண்டவும் ஆள் வேண்டும் என்றாள். சரி என்றேன். ஞாயிறு மதியம் இடைவேளையில் மகளோடு பேச வேண்டும், அது ஒன்று போதும் என்றேன். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான்.

"எத்தனை நாள் இருப்பாய்?" என்று இந்தியில் கேட்டாள். இதற்கு முன் எல்லா இடத்திலும் இந்தக் கேள்விக்குப் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"இந்த வரிசை மூன்று மாதம்," என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது. "அதற்குப் பிறகு அடுத்தது வரும்."

அவள் வெங்காய மூட்டையைக் காட்டினாள். கொடுத்த கத்தி மழுங்கியிருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன்.